பலகை மேசைக்குக் கால்: கச்சானுக்கும் மாரிக்கும் தாங்கும்படி வடிவமைப்பது எப்படி

ஒரே மரத்தை நெடுக்காக அறுத்து, பட்டையோர வளைவு கெடாமல் எடுத்த தடிப்பான பலகை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லோருடைய கண்ணும் மேற்பரப்பில்தான் நிற்கும். என்ன வார்னிஷ், எத்தனை பூச்சு, வெடிப்பை எதனால் நிரப்புவது என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். கால் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதுவும் நாலு இரும்புக் கால் வாங்கிப் பூட்டினால் சரி என்ற அளவில். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது சரிவராது. இங்கே ஒரு பலகை மேசை பல வருடம் தட்டையாக நிற்குமா, அடுத்த கச்சான் காற்றிலேயே பிளக்குமா என்பது பெரும்பாலும் காலும் அது பூட்டப்பட்ட விதமும் தீர்மானிக்கிற விஷயம்.

காரணம் நம்முடைய காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் மரத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் வீட்டுக்குள் காற்றே ஈரமாகத்தான் இருக்கும். அதே மரம் அந்த ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகச் சிறியது, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. மூன்றடி அகலத் தேக்குப் பலகை ஒன்றின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய கால் அங்குலம், அதாவது 6 முதல் 7 மில்லிமீற்றர் வரை மாறும். தேக்கு அடக்கமான மரம். வேறு பல மரங்கள் இதைவிடக் கூடுதலாக அசையும்.

அசைகிற பலகையை அசையாத சட்டத்தோடு இறுக்கிவிட்டால் சட்டம் நிற்கும், பலகை பிளக்கும். ஆகவே காலுக்கு வேலை இரண்டு. பாரத்தைச் சுமக்க வேண்டும், பலகை விரிந்து சுருங்க இடமும் விட வேண்டும். கீழே சொல்கிற ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டையும் வைத்து எடுப்பதுதான்.

முதலில் பலகையை அறிந்துகொள்ளுங்கள்

மரம் எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் பாரம் அதில்தான் இருக்கிறது. ஏழடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ 65 கிலோ. அதே அளவு முதிரை 95 கிலோவைத் தொடும். பாலை அதையும் தாண்டும். இந்தப் பாரத்துக்கு மேல் ஆட்கள் முழங்கை ஊன்றுவார்கள், பிள்ளைகள் ஏறி இருப்பார்கள். எங்கிருந்து வந்த மரம் என்பதையும் கேட்டு வையுங்கள். வளவில் விழுந்த மரமாக இருந்தாலும், மரம் அறுக்கும் ஆலைக்கு ஏற்றுமுன் அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

அடுத்தது காய்ச்சல். நிழலில் காற்றாட அடுக்கி வைத்த பலகைக்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது தச்சுவேலையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதன்படி இரண்டங்குலப் பலகைக்கு இரண்டு வருடம். ஈரமானி இல்லாவிட்டால் நெல் மூட்டை நிறுக்கும் தராசு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பலகையை நிறுத்து, நிறையைப் பலகையின் அடிப்பக்கத்திலேயே பென்சிலால் திகதியோடு எழுதுங்கள். நிறை இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னும் பச்சை ஈரம் இருக்கிறது. கச்சான் காலத்திலும் ஒரு மாதம் நிறை மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம். மாரியில் எடுத்த நிறையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பிறகு முறுக்கு. ஒரே அகலமுள்ள, நேரான இரண்டு மெல்லிய சட்டங்களை எடுத்து, ஒன்றைப் பலகையின் இந்தத் தலைப்பிலும் மற்றதை அந்தத் தலைப்பிலும் குறுக்காக வையுங்கள். குனிந்து, முன்சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின்சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் பலகை நேர். ஒரு முனை உயர்ந்து தெரிந்தால் பலகை முறுகியிருக்கிறது. அடிப்பக்கம் முழுவதையும் கண்ணாடிபோல் சீவத் தேவையில்லை. கால் உட்காரும் இரண்டு பட்டைகள் மட்டும் ஒரே தளத்தில் இருக்கும்படி சீவினால் போதும். முறுகிய பலகையைக் காலோடு இழுத்து இறுக்கி நேராக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இழுவை மரத்துக்குள்ளேயே இருக்கும், கச்சான் வந்ததும் வெடிப்பாக வெளியே வரும்.

வெடிப்பு ஏற்கெனவே இருந்தால், கால் வடிவத்தை முடிவு செய்யுமுன் அதைக் கட்டிவிடுங்கள். நடு ஒடுங்கி இரு முனையும் விரிந்த மரப்பூட்டை வெடிப்புக்குக் குறுக்கே, பலகைத் தடிப்பில் பாதிக்குமேல் ஆழமாகப் பதிக்க வேண்டும். பூட்டின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். கணுவிலும், வெடிப்பின் நுனியிலும், மரத்தின் நடு நெஞ்சு தெரிகிற இடத்திலும் எந்தத் திருகாணியும் வரக்கூடாது. அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு வைத்தால், கால் எங்கே வரலாம் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

உயரமும் இடமும்

சாப்பாட்டு மேசைக்கு நிலத்திலிருந்து மேற்பரப்பு வரை 29 முதல் 30 அங்குலம், விறாந்தையில் போடும் தாழ்ந்த மேசைக்கு 16 முதல் 18 அங்குலம். உங்கள் வீட்டுக் கதிரையை அளந்துதான் கடைசி முடிவு எடுக்க வேண்டும். இருக்கைக்கும் மேசை மேற்பரப்புக்கும் இடையில் 11, 12 அங்குலம் இருந்தால் கை வசதியாக வரும். தொடைக்கு மேலே இடிக்காமலிருக்க, நிலத்திலிருந்து, பலகையை ஒட்டி அடியில் வரும் மேல்சட்டத்தின் அடிவிளிம்பு வரை 24 அங்குலமாவது விடுங்கள். கைபிடியுள்ள பிளாஸ்டிக் கதிரைகள் வீட்டில் இருந்தால் கைபிடி உயரத்தையும் அளந்து கொள்ளுங்கள். அது உள்ளே போகாத மேசையில் ஆட்கள் எட்டி எட்டித்தான் சாப்பிடுவார்கள்.

கால் எங்கே என்பதற்குப் பட்டையோரப் பலகையில் நாடாவை மட்டும் நம்ப முடியாது. ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கி, நடுவில் இடுப்புப் போல் வளைந்து வரும் பலகையில் அளவின் நடுவும் பாரத்தின் நடுவும் ஒன்றாக இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சீமெந்து நிலத்தில் ஒன்றரை அங்குல ஜீஐ குழாய்த் துண்டைக் கிடத்தி, அதற்குக் குறுக்காகப் பலகையை ஏற்றுங்கள். பக்கத்துக்கு ஒரு ஆள் பிடித்துக்கொண்டு, பலகை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் வரை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுங்கள். நின்றதும் குழாய்க்கு நேர்மேலே இரு ஓரத்திலும் பென்சில் அடையாளம் போடுங்கள். இப்போது குழாயை நீளவாக்கில் வைத்து அகலத்துக்கும் இதேபோல் பாருங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பாரத்தின் நடு. கால்களின் இடத்தை அங்கிருந்து அளக்க வேண்டும்.

நீளத்தில், ஒவ்வொரு முனையிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தாங்கினால் பலகை மிகக் குறைவாகத் தொய்யும். ஏழடிப் பலகைக்கு இது 18 அங்குலமளவில் வரும். இரண்டங்குலத் தடிப்புக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் முன்பின் போகலாம், பாதகமில்லை. ஒன்றரை அங்குலப் பலகை எட்டடி நீளமாக இருந்தால் இதை மீற வேண்டாம். தலைப்பில் ஒருவர் இருப்பதானால் முழங்காலுக்கு 14 அங்குலமாவது அங்கே வேண்டும். ஓர் ஆளுக்கு மேசையோரத்தில் 24 அங்குலம் என்று கணக்கு வையுங்கள்.

அளவுகளைத் தாளில் எழுதியதோடு வெட்டத் தொடங்காதீர்கள். பலகையை அதே உயரத்தில், அதே இடங்களில் புளொக் கல் அடுக்கி ஏற்றி வைத்துவிட்டு ஒரு நாள் வீட்டில் புழங்குங்கள். கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள், மூலையில் கையூன்றி எழும்பிப் பாருங்கள், குசினி வாசலில் நின்று பாருங்கள். நினைத்த காலின் வடிவத்தைப் பெட்டி மட்டையில் வெட்டிக் கல்லின் முன்னால் சாத்தினால் பருமன் கண்ணுக்குப் பிடிபடும். தாளில் மெல்லியதாகத் தெரிந்த கால், இரண்டங்குலப் பலகையின் கீழே இன்னும் மெலிந்து தெரியும்.

எந்த வகைக் கால்

நாலு மூலைக்கு நாலு தனிக்கால், ஒவ்வொன்றும் சொந்தத் தகட்டோடு: பலகை விரிந்தால் கால்களும் அதோடு விலகும் என்பதால் பிளக்கும் பயம் குறைவு. ஆனால் ஒன்றையொன்று பிடிக்காததால் ஆட்டம் கூடும். கடையில் விற்கும் வளைத்த கம்பிக் கால் இந்த வகைதான். தாழ்ந்த மேசைக்கும் வாங்குக்கும் அழகு. 65 கிலோ சாப்பாட்டுப் பலகைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சட்டம் சுற்றிய நாலு கால் நம்முடைய தச்சு ஓடாவிமாருக்குக் கைவந்த வேலை, உறுதியும் நல்லது. ஆனால் பட்டையோரப் பலகையின் கீழே நேரான பெட்டிச்சட்டம் சில இடத்தில் வெளியே துருத்தும், சில இடத்தில் ஆழத்தில் மறையும். பலகையின் ஆக ஒடுங்கிய அகலத்தை வைத்துத்தான் சட்டத்தின் அகலத்தை எடுக்க வேண்டும்.

தடித்த பலகைத் துண்டையே இரு தலைப்பிலும் காலாக நிறுத்துவது அதே மரத்தில் மிச்சம் இருந்தால் நன்றாக வரும். நார் நிலைக்குத்தாக ஓடும்படி வெட்டினால் மேற்பலகையும் காலும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்து சுருங்கும். இது இந்த வகைக்கு மட்டும் உள்ள நன்மை.

எங்கள் பக்கத்துக்கு நான் முதலில் சொல்வது குதிரைக்கால். இரு பக்கமும் ஒவ்வொரு நடுத்தூண், அதன் மேலே பலகைக்குக் குறுக்காக மேல்சட்டம், கீழே நிலத்தில் அடிச்சட்டம், இரண்டு தூண்களையும் இணைக்கும் ஒரு நெடுக்குச்சட்டம். தூண் அகலத்தின் நடுவில் நிற்பதால் பக்கத்தில் இருப்பவர்களின் முழங்கால் எதிலும் இடிக்காது, ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். மேல்சட்டம் பலகை வளையாமல் பிடித்துக்கொள்ளும். நெடுக்குச்சட்டத்தின் நுனியைத் தூணுக்கு வெளியே வரவிட்டு, அதில் துளை வெட்டி ஆப்பு அடித்தால் ஒட்டுப்பசை வேண்டாம். ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு இரண்டு பேர் நின்று மேசையைக் கழற்றலாம். மாரியில் முற்றத்து வெள்ளம் படியேறும் தாழ்நிலத்து வீடுகளில் இது பெரிய உதவி.

ஏழடிக்கு மூன்றடிப் பலகைக்கு என் அளவுகள்: மேல்சட்டம் 28 அங்குல நீளம், 3 அங்குல உயரம், நுனிகள் கீழ்ப்பக்கம் சரித்து வெட்டியது. சரிவினால் நிற்கிறவர் கண்ணுக்குச் சட்டம் தெரியாது. அடிச்சட்டமும் 28 அங்குலம். இதைக் குறைத்தால் ஓரத்தில் கையூன்றும்போது மேசை கவிழப் பார்க்கும். தூண் 6 அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்பு. நெடுக்குச்சட்டம் 5 அங்குல உயரமாவது இருக்கட்டும். நெடுக்கு ஆட்டத்தை நிறுத்துவது அதன் உயரம்தான், தடிப்பு அல்ல.

பருமனும் சாய்வும்

நாலு காலாகச் செய்வதானால் இரண்டங்குலப் பலகைக்கு 3 முதல் 3½ அங்குலச் சதுரக் கால் கண்ணுக்குப் பொருந்தும். உள்பக்கம் பார்க்கும் இரண்டு முகங்களை மட்டும் கீழ்நோக்கிச் சரித்து, பாதத்தில் 2 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் பாரமான பலகையும் இலேசாகத் தெரியும்.

காலை வெளிச்சாய்வாக வைத்தால் உறுதி கூடும், பாதமும் வெளியே போகும். 28 அங்குல உயரக் காலை 10 பாகை சாய்த்தால் பாதம் கிட்டத்தட்ட 5 அங்குலம் வெளியே வரும். அந்தப் பாதம் பலகையின் ஓரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடந்துபோகிறவர்களின் கால்விரல் அதில் மோதும். வளைந்த ஓரமென்றால், பாதம் வருகிற இடத்தில் பலகை எவ்வளவு அகலம் என்று தூக்குநூல் விட்டுப் பாருங்கள். 5 முதல் 8 பாகைக்குள் நிறுத்துவது பெரும்பாலான பலகைகளுக்குப் பொருந்தும்.

பூட்டும் முறை: மேசையின் ஆயுள் இங்கே

சட்டத்தைப் பலகையோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். எந்தப் பசையானாலும் வேண்டாம்.

மேல்சட்டத்தில் மூன்று துளைகள் போடுங்கள். நடுத்துளை வட்டமாக, போல்ட்டுக்குச் சரியான அளவில். அது பலகையை நடுவில் பிடித்து வைக்கும். இரு முனைத் துளைகளும் நீள்துளையாக இருக்க வேண்டும். எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 9 மில்லிமீற்றர் அகலம், 20 மில்லிமீற்றர் நீளம். நீளம் மேல்சட்டத்தின் நெடுக்காக, அதாவது பலகை நாருக்குக் குறுக்காகப் போக வேண்டும். நடு அசையாமல் நிற்பதால் பலகையின் அசைவு இரு பக்கமும் பாதி பாதியாகப் பிரியும். முன்பு சொன்ன தேக்குக் கணக்கில் பக்கத்துக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர். கூடுதலாக அசையும் மரத்துக்கும் 20 மில்லிமீற்றர் துளை தாங்கும். மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் மெஷின் இல்லையென்றால் அடுத்தடுத்து மூன்று துளை போட்டு, இடையிலுள்ளதை உளியால் எடுத்துவிடலாம்.

இனி வருவது பலர் கவனிக்காத ஒன்று. எந்த மாதத்தில் பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, நீள்துளைக்குள் போல்ட் எங்கே நிற்க வேண்டும் என்பது மாறும். ஆடியில் பூட்டினால் பலகை அப்போது ஆகச் சுருங்கிய நிலையில் இருக்கும், இனி விரியத்தான் போகிறது. ஆகவே போல்ட்டைத் துளையின் உள்முனைப் பக்கம் வைத்து, வெளிப்பக்கம் இடம் விடுங்கள். மார்கழியில் பூட்டினால் பலகை ஊதியிருக்கும், இனிச் சுருங்கும். போல்ட் வெளிமுனைப் பக்கம், இடம் உள்பக்கம். பங்குனி, சித்திரையில் என்றால் நடுவில் வைக்கலாம். இதைக் கவனிக்காமல் பூட்டினால் நீள்துளை இருந்தும் போல்ட் துளையின் முனையில் முட்டி நிற்கும், துளை போட்ட பயனே இல்லாமல் போய்விடும்.

பலகைக்குள் புரியுள்ள பித்தளை அல்லது துருப்பிடிக்காத இரும்பு உறைகளைப் பதித்து அதில் போல்ட்டை ஏற்றுவது நல்லது. திருகாணி மரத்தைத் தின்றுகொண்டே கழன்று வரும், உறை எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் நிற்கும். உறைக்கான துளையின் ஆழம் இரண்டங்குலப் பலகையில் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. துளைக்கும் அலகில் அந்த ஆழத்தில் நிறநாடா சுற்றிவிடுங்கள், நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். முதிரை, பாலை போன்ற வைர மரத்தில் முன்துளை இல்லாமல் எதையும் ஏற்ற முயலாதீர்கள். மரம் பிளக்கும் அல்லது திருகாணியின் தலை முறியும்.

போல்ட்டின் தலைக்குக் கீழே அகன்ற வாசர் போட்டு, வாசர் உரசும் இடத்தில் மெழுகு தடவுங்கள். கையால் இறுகும் வரை இறுக்கி, பிறகு சாவியால் கால்சுற்றோ அரைச்சுற்றோ போதும். நசுங்க நசுங்க இறுக்கினால் பலகை வழுக்கி அசைய முடியாது.

இரும்புக் கால் என்றால்

வெல்டிங் பட்டறையில் சொல்ல வேண்டியது: 50க்கு 50 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் (உள்ளே வெற்றிடமான சதுர இரும்புக் குழாய்), 3 மில்லிமீற்றர் தடிப்பு, மேலே 6 மில்லிமீற்றர் தகடு, தகட்டில் மேலே சொன்ன மாதிரி நடுவில் வட்டத்துளை, முனைகளில் நீள்துளை. துளைகளை வெல்டிங்குக்கு முன்பே போடச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் தகடு வளையும். வேலை முடிந்ததும் நேரான சட்டம் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடித்து நேராக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அந்த வளைவுக்குப் பலகையை இழுத்துவிடும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. பொக்ஸ் பார் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், ஆகவே எல்லா வாயையும் தகடு வைத்து முழுதாக அடைக்கச் சொல்லுங்கள். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை உரஞ்சி, துத்தநாகம் கலந்த முதற்பூச்சு அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சு பெயின்ற் போடுங்கள். போல்ட்டும் வாசரும் துருப்பிடிக்காத இரும்பில், முடிந்தால் உப்புக்குக் கூடுதலாகத் தாங்கும் 316 தரத்தில் வாங்குங்கள். சாதாரண இரும்பு, துவர்ப்புள்ள மரத்தில் ஈரத்தோடு சேர்ந்தால் கறுப்புக் கறை ஊறும், அது மேற்பரப்பு வரை வந்தால் சீவினாலும் இலேசில் போகாது. தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய றப்பர் தாள் வைப்பது இதற்காகத்தான்.

பாதம்

நம் வீடுகளில் நிலம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். மரக்காலின் வெட்டுமுகம் அந்தத் தண்ணீரை மேலே இழுக்கும். பாதத்தில் எபொக்ஸி ஊறும்வரை இரண்டு மூன்று முறை தடவி, கால் அங்குலத் தடிப்பு நைலோன் வட்டு அடித்துவிடுங்கள். அந்த இடைவெளியால் கறையான் மண்பாதை கட்டினாலும் உடனே கண்ணில் படும். பாதத்தின் விளிம்பைச் சுற்றி இலேசாகச் சரித்துச் சீவினால், தள்ளும்போது நார் பிய்யாது. மாமரம் இலேசில் உளுத்துப்போகும் என்பதால் காலுக்கு அதை எடுக்க வேண்டாம். வேம்பு தாராளமாகக் கிடைக்கும், பூச்சிக்கும் ஓரளவு தாங்கும்.

பூட்டி, மட்டம் பார்த்து

பூட்டுமுன் பலகையின் மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு போட்டிருக்க வேண்டும். மேலே நாலு பூச்சும் கீழே வெறும் மரமுமாக விட்டால் ஈரம் கீழ்ப்பக்கமாகவே போய்வந்து பலகை வளையும். நீள்துளைகளுக்கு நேரே வரும் இடத்திலும் பூச்சு வேண்டும்.

பலகையைக் கவிழ்த்து, மெத்தைமேல் கிடத்திக் காலைப் பூட்டுங்கள். நிமிர்த்துவதற்கு நாலு பேர் வேண்டும், பலகையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், காலைப் பிடித்து நெம்பக் கூடாது. மேசை நிற்கப் போகும் இடத்திலேயே ஆட்டம் பாருங்கள், ஏனென்றால் சீமெந்து நிலம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஆடும் பாதத்தின் கீழே மெல்லிய ஆப்புகளைச் செருகி மேற்பரப்பில் மட்டம் சரியாக்குங்கள். பிறகு ஒரு சிறு மரத்துண்டின்மேல் பென்சிலைக் கிடத்தி, அதை நிலத்தோடு நகர்த்தி ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு கீறுங்கள். எல்லாக் கோடும் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். அந்தக் கோட்டில் அறுத்தால் ஆட்டம் போய்விடும். இதற்காகக் காலை முதலில் வெட்டும்போதே அரை அங்குலம் கூடுதலாக விட்டிருக்க வேண்டும். நைலோன் வட்டை இந்த அறுப்பு முடிந்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

முதல் வருடம் ஆடியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் கீழே குனிந்து நீள்துளைகளைப் பாருங்கள். மெழுகில் வாசர் நகர்ந்த தடம் தெரியும், உங்கள் பலகை எவ்வளவு அசைகிறது என்பதை அதில் அளந்துவிடலாம். போல்ட் துளையின் முனையில் முட்டி நின்றால் அதை மட்டும் கழற்றி, அந்தப் பக்கம் நாலைந்து மில்லிமீற்றர் துளையை நீட்டி, மறுபடி மெழுகு தடவிப் பூட்டுங்கள்.